வாசலில் என் குரல்

மே 5, திங்கள்

தேங்காய் வெட்ட வருகிறவரிடம் காலையில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். சொன்ன நாளில் வராதது அவர் தப்புதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்த பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. போகும்போது கூப்பிட்டு இரண்டு காய் அதிகம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ஜெபின் வந்தான். என் தங்கை மகன். மார்த்தாண்டத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறான். ஓர் அண்டி ஆபீசுக்கு வருகைப்பதிவுப் பெட்டி செய்து தருகிறானாம். இங்கே எல்லோருக்கும் முந்திரித் தொழிற்சாலை என்றால் அண்டி ஆபீஸ்தான். ஏற்கெனவே வைத்திருந்த விரல்ரேகை இயந்திரம் அங்கே வேலைக்கு ஆகவில்லை. அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுப் பெண்களின் விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போயிருக்கிறது.

“பெரியம்மா, யூசருக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுதான் ஒரு சாதனத்தச் செய்யணும். நான் போய்க் கேட்டா ஒருத்தியும் வாயத் திறக்க மாட்டேங்கா. நீங்க டீச்சர். உங்ககிட்ட பேசுவாவ” என்றான்.

ஒப்புக்கொண்டேன். வீட்டில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 7, புதன்

முதல் நாள். நீளமான கொட்டகை. வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அண்டி தல்லுகிறார்கள், பருப்பு உடையாமல் ஓட்டை மட்டும் உடைக்க வேண்டும். எல்லோரும் நெற்றி மறைய தலைத்துணி கட்டியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் ராஜமணி காலையில் ஒரு நோட்டுடன் வரிசையில் நடந்து வருகைப்பதிவு எடுப்பார். பெயர் கூப்பிடுவதுகூட இல்லை, நடந்தபடியே எழுதிக்கொண்டு போவார். நான் வகுப்பில் அப்படிச் செய்ததே கிடையாது.

“உங்களுக்கு என்ன மாதிரி ஏற்பாடு வேணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாம் டீச்சரே, அந்த நோட்டே போதும்” என்றார்கள் ஒரே குரலில்.

புதியதைக் கண்டால் முதலில் இப்படித்தான். கரும்பலகையை எடுத்துவிட்டு வெள்ளைப் பலகை மாட்டியபோது நானே முகம் சுளித்தேன்.

ராஜமணியின் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அறிமுகம் செய்துகொண்டேன். குளோரிபாய் என்று ஒருத்தி, வாய்த் துடுக்கு. “டீச்சரே, லேட்டா வந்தா பெஞ்சுமேல ஏத்துவியளா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளை, “தங்கலீலா” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். குளோரிபாய் முழங்கையால் இடித்த பிறகு, “ஆ, நாந்தான்” என்றாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த முகம், நல்ல கண்கள்.

பிறகு அவள்தான் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து தந்தாள். டம்ளரைத் தன் கை படாமல் துணியால் பிடித்திருந்தாள். “எனக்க கையில எண்ணெ இருக்கு டீச்சர். உங்களுக்குப் பொள்ளிப்போவும்.”

மே 9, வெள்ளி

மூட்டுவலி. போகவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது.

மே 14, புதன்

இப்போது சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்காருகிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீனும். தங்கலீலா தன் பங்கில் பாதியை எனக்கு வைத்தாள்.

அவள் வீட்டுக் கதை இன்று தெரிந்தது. அண்ணன் கேரளத்தில் கட்டட வேலை. வீட்டில் இவளும் அண்ணன் மனைவியும். அந்த மைனிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, டயாலிசிஸ் நடக்கிறது.

“ஆபீஸ் விட்டதும் ஓடிப்போய் மைனியக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். கார்டு ஆஸ்பத்திரி இங்கினதான் இருக்கு, சாயங்காலமே எடுத்துக்கிடுவாவ. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கப்போய் தப்பிச்சோம் டீச்சர். இங்க வருகை ஒழுங்கா விழுந்தாத்தான் கார்டு நிக்கும். கார்டு நின்னாத்தான் மைனி நிப்பாவ.”

அதனால்தான் ஒரு நாளும் லீவு போடுவதில்லை போலிருக்கிறது. நான் அறிந்தவரை அந்தக் கார்டில் கணவன், பிள்ளைகள், பெற்றோருக்குத்தான் வைத்தியம் உண்டு. மைனிக்கும் கிடைக்கிறதென்றால் அரசாங்கம் விரிவாக்கியிருக்க வேண்டும். நல்ல காரியம். நான் அப்படிச் சொன்னபோது குளோரிபாய், “ஆமா டீச்சர், ரொம்ப விரிவாக்கிட்டாவ” என்றாள். யாரோ ஒருத்தி இருமினாள்.

தங்கலீலாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறேன். இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் கடைசி பெஞ்சில் மக்காக உட்கார்ந்திருப்பாள். முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் முதல் மார்க் வாங்கினாள், காதுதான் பிரச்சினை. ஜெபினிடம் சொல்லியிருக்கிறேன்: பெட்டி பெயரைச் சத்தமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையில் எழுத்து மட்டும் போதாது.

மே 20, செவ்வாய்

கருவூலத்தில் ஓய்வூதிய நேர்காணல். உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் காட்டிவிட்டு வர வேண்டும். இயந்திரம் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தும் ஏற்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீள நீள வியர்த்துவிட்டது.

மேசையில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். “டீச்சர், நான் உங்ககிட்ட நாலாங் கிளாஸ் படிச்சவன். உங்கள எனக்குத் தெரியாதா? நீங்க போங்க” என்று அவனே குறித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் ஜெபினுக்கு போன் செய்தேன். ஓர் இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று இன்று புரிந்துகொண்டேன். அது மனிதரை வரவேற்க வேண்டும். ‘வாங்க, நல்லா இருக்கீங்களா’ என்று கேட்க வேண்டும். தடங்கல் வந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கூச்சலிடக்கூடாது, பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

“சூப்பர் பெரியம்மா. அப்ப உங்க குரல்லயே வச்சிரலாம்” என்றான்.

மே 23, வெள்ளி

ஜெபினின் அலுவலகத்தில் குரல் பதிவு. எல்லாப் பெயரையும் சொல்லவேண்டியதில்லையாம். கொஞ்ச நேரம் பேசினால் கணினி என் குரலைக் கற்றுக்கொண்டு எந்தப் பெயரையும் என்னைப்போலவே சொல்லும். வாசகங்களை நானே எழுதினேன். தடங்கல் வந்தால் சொல்வதற்கான வாசகத்தைப் பலமுறை மாற்றினேன். கடைசியில் இப்படி: “உங்கள எனக்கு அடையாளம் தெரியல. பயப்பட வேண்டாம். இன்னொருக்கா நில்லுங்க.”

போட்டுக் காட்டினார்கள். என் குரல் இவ்வளவு இனிமையா என்று எனக்கே ஆச்சரியம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

மே 28, புதன்

இன்று ஒரு சிக்கல். பெட்டி முகத்தைப் பார்த்து அடையாளம் காணும். அதற்கு முதலில் ஒவ்வொருவரையும் படம் எடுக்க வேண்டும். ஜெபினின் ஆட்கள் காமிராவோடு வந்ததும் பெண்கள் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். “இந்தக் கோலத்திலயா போட்டோ? கரியும் சாம்பலுமா இருக்கோம்” என்றார்கள். சின்ன வயதுப் பெண் ஒருத்தி அழுதேவிட்டாள்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. இ.எஸ்.ஐ. பதிவில் எல்லோருடைய படமும் இருக்கிறது, நல்ல சேலை உடுத்தித் தலை சீவி எடுத்த படம். அதையே பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் யாரும் காமிரா முன் நிற்கவேண்டாம். ஜெபின் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, “பெரியம்மா, இதுதான் யூசர பாத்துச் செய்யுதது” என்றான்.

பெண்களிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் போய்க் கட்டையை எடுத்தாள்.

குளோரிபாய்தான் பேசினாள். “டீச்சர், அந்த போட்டோ எல்லாம் பழசு. அதுக்குப் பொறவு முகமெல்லாம் மாறிப்போச்சு. எனக்கே என்னத் தெரியாது.”

“மாறினாலும் தெரியும் குளோரி. எங்கிட்டப் படிச்ச பையன் மீசையும் தாடியுமா வந்து நின்னாலும் நான் பேர் சொல்லுவேன். பெட்டியும் அப்படித்தான்.”

“செரி, ரெண்டு பேரு கொஞ்சம் ஒண்ணுபோல இருந்தா?”

“என் வகுப்புல இரட்டைப் பிள்ளைங்க இருந்தாங்க. பெத்தவளுக்கே குழப்பம். காது மடலைப் பாத்து நான் கண்டுபிடிச்சிருவேன். அவன் பரீட்சையை இவன் எழுத முடியாது.”

“யம்மா, டீச்சர் பெரிய ஆளுதான்” என்றாள் குளோரிபாய். யாரும் சிரிக்கவில்லை.

தங்கலீலா இன்று சாயா கொண்டுவரவில்லை. அவளுக்கு வேலை இருந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

வருகிற திங்களன்று வெள்ளோட்டம். பெட்டியை வாசலில் மாட்டியாயிற்று. ராஜமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையில் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? நான் நடந்துகிட்டே எழுதுவேன். சிலதை நிமிந்து பாக்காமலே எழுதுவேன். அந்தப் பெட்டிக்கு அப்பிடி இருக்கத் தெரியுமா?”

“அதுதான் நல்லது ராஜமணி. இனிமே உங்க பாரம் குறையும்” என்றேன்.

“பாரம் ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார். இன்னும் ஏதோ சொல்ல நின்றார். ஜெபின் கூப்பிட்டதால் நான் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அவர் இல்லை. நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் பழுது. தண்ணீர் ஏறவில்லை. ஆள் தேடியே பொழுது போயிற்று. ஆபீசுக்குப் போகவில்லை.

ஜூன் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி வந்திருந்தார். வேறு அண்டி ஆபீஸ்களின் முதலாளிகளையும் பார்க்க அழைத்திருந்தார். வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். பெட்டி என் குரலில், “வாங்க குளோரிபாய், நல்லா இருக்கீங்களா?” என்றது. குளோரிபாய் பெட்டிக்குக் கும்பிடு போட்டு, “நல்லா இருக்கேன் டீச்சர், நீங்க எப்ப இந்தப் பெட்டிக்குள்ள போனிய?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு வந்த ஒவ்வொருத்தியும், “நல்லா இருக்கேன் டீச்சர்” என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பள்ளிக்கூட நாட்கள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வரிசையில் கடைசியாகத் தங்கலீலா.

“உங்கள எனக்கு அடையாளம் தெரியல. பயப்பட வேண்டாம். இன்னொருக்கா நில்லுங்க.”

நின்றாள். பெட்டி மறுபடியும் அதையே சொன்னது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உள்ளே கட்டைச் சத்தம் நின்றுவிட்டது.

வெளிச்சம் போதவில்லை என்றுதான் நான் நினைத்தேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்: “தலைத்துணியை எடும்மா. முகம் தெரியட்டும்.”

அவள் முடிச்சை அவிழ்த்தாள். துணியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“உங்கள எனக்கு அடையாளம் தெரியல. பயப்பட வேண்டாம்.”

முதலாளி கணினியில் இருந்த படத்தைத் திறக்கச் சொன்னார். தங்கலீலா என்ற பெயரில் வட்ட முகமும் பெரிய பொட்டுமாக வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஆரு?” என்றார் முதலாளி.

“ஓமனா. தங்கலீலாக்க நாத்தூன்.”

ராஜமணி தன் சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போய் ஓரமாக நின்றார். பெட்டி இன்னும் யாரோ நிற்பதாக நினைத்து என் குரலில் பேசிக்கொண்டே இருந்தது. ஜெபின் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை.

ஜூன் 12, வியாழன்

முதலாளி மோசமானவர் அல்லர். போலீசுக்குப் போகவில்லை. கார்டு அலுவலகத்துக்குத் தெரிந்தால் தமக்கே வழக்கு வரும் என்று தங்கலீலாவின் பெயரை அடித்துவிட்டார், அவ்வளவுதான். ராஜமணியைத் தோடு எரிக்கும் பக்கம் மாற்றியிருக்கிறார்.

பெயர் போனதால் கார்டும் போகும். மைனிக்கு உடம்பு முடியாமல் போனபோது அவள் பெயரில் இவள் வேலைக்கு வந்திருக்கிறாள். கொட்டகை முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் தினமும் நடுவில் உட்கார்ந்து மரச்சீனி சாப்பிட்டேன்.

அது தப்புதான். ஒருவர் பெயரில் இன்னொருவர் வருவதை என் வகுப்பில் நான் அனுமதித்ததில்லை. இதைக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் மறுபடி சொல்லத் தோன்றுகிறது.

ஜெபினிடம் போனேன். பெட்டிக்குத் தெரியாத முகத்தைச் சூப்பர்வைசர் தன் கையால் குறிக்க ஒரு வழி வைக்கமுடியுமா என்று கேட்டேன்.

“அது எதுக்கு பெரியம்மா? அன்னைக்கு நடந்ததப் பாத்துட்டுதான் மூணு ஆபீஸ்காரங்க பெட்டி கேட்டிருக்காவ. முதல் நாளே ஆள்மாறாட்டத்தப் பிடிச்ச பெட்டின்னு பேரு.”

“என் குரலையாவது எடுத்துரு.”

“குரலுதான் பெரியம்மா ஹைலைட்டே.” அவன் மனசில் கபடம் இல்லை. எனக்குக் காப்பி வாங்கிவர ஆள் அனுப்பினான்.

ஜூன் 21, சனி

குளோரிபாயிடம் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குளோரிபாய் வழி மட்டும் சொன்னாள்.

ஓடு வேய்ந்த சிறிய வீடு. ஓமனா இல்லை. கட்டிலில் தங்கலீலா. படத்தில் பார்த்த வட்ட முகம் இப்போது இல்லை, கால்கள் வீங்கியிருந்தன. நான் வாசலில் நின்று, “வரலாமா?” என்றேன்.

“ஆரு? பெட்டியில பேசுத டீச்சரா?”

“எப்படித் தெரியும்?”

“குரலு சொல்லுச்சு. நல்ல குரல்னு ஓமனா எப்பமும் சொல்லுவா. அந்தப் பெட்டி வந்தா தெனமும் காலையில எனக்க பேரச் சொல்லிக் கூப்பிடும்னு சொன்னா. ‘மைனி, உங்களத்தான் கூப்பிடும், நான் சும்மா கேட்டுட்டு வந்து சொல்லுவேன்’னு சிரிப்பா. பொறவு போட்டோ விசயம் தெரிஞ்ச பிறகு சிரிக்கல.”

எனக்கு நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

“அன்னைக்கு என்ன ஆகும்னு தெரியாமலா ஓமனா வந்தா?” என்றேன்.

“போவாம இருந்தா வருகை விழாதே டீச்சர். ஒருவேள ஒண்ணுபோலத் தெரியும்னு எனக்க பொட்டு மாதிரி வச்சிட்டுப் போனா.”

தலைத்துணிக்குள் பொட்டு. நான் அதைக் கவனிக்கவில்லை.

“டீச்சர், அது எப்பிடிக் கூப்பிட்டிருக்கும்? எனக்க பேரு? ஒருக்கா சொல்லுங்க கேப்போம்.”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. “வாங்க தங்கலீலா, நல்லா இருக்கீங்களா?” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா இருக்கேன் டீச்சர்” என்றாள். பிறகு தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள், மூச்சு வாங்கியது.

ஓமனா வந்தாள். என்னைப் பார்த்துத் திகைக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வழக்கம்போலக் கட்டன்சாயா போட்டாள். கையில் இப்போது எண்ணெய் இல்லை. ஆனாலும் டம்ளரைத் துணியால் பிடித்துத்தான் தந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறார்களாம். தூரம். முறை வர நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். சிலநாள் முறையே வராமல் திரும்புகிறார்கள்.

“வேற ஆபீஸ்ல உன் பேர்லயே வேலை கேக்கலாமே” என்றேன்.

“எனக்க பேருல வேல கெடச்சு என்ன செய்ய டீச்சர்? எனக்க கார்டுல மைனியப் பாப்பாவளா? இனி ஆஸ்பத்திரியில பகல் முழுக்க கிடக்கணும். நானும் வேலைக்குப் போனா இவியள ஆரு கொண்டுபோவா? மைனி இருக்குத வரைக்கும் எனக்கு எங்கயும் போவ முடியாது.” கட்டில் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். “மைனிக்க பேருல ஒருக்கா கேட்டுப் பாப்போம்னு இன்னைக்கு ஆத்துக்கு அந்தால உள்ள ஆபீசுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்.”

“ஏன்?”

“அங்கயும் வாசல்ல நீங்கதான் நிக்கிய டீச்சர்.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. பாடும்போது குரல் வெளியே கேட்கும்.

ஜூலை 3, வியாழன்

வைத்தியத்துக்கு என்று கொஞ்சம் பணத்தை ஓர் உறையில் வைத்து குளோரிபாய் மூலம் அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு பொதி அவித்த மரச்சீனி, வாழையிலையில் கட்டி. இன்னும் சூடு ஆறவில்லை.

ஜூலை 16, புதன்

ஜெபின் வந்தான். ஒருவர் தன் வருகையைத் தானே திரையில் பார்த்துக்கொள்ளும் வசதி செய்கிறானாம். பெண்களுக்கு அது பிடிக்குமா என்று கேட்டான். நான், “எனக்குத் தெரியாது” என்றேன். பொறுமையாக இன்னொரு முறை விளக்கினான். “எனக்குத் தெரியாது ஜெபின்” என்றேன். நான் கோபமாக இருப்பதாக நினைத்திருப்பான்.

இத்தனை கேள்விகள் கேட்டேன். என்ன வேண்டும், எப்படி வேண்டும், எந்த நேரத்தில் வேண்டும். முதல் நாளே பதில் சொன்னார்கள். ‘அந்த நோட்டே போதும்’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கண் மருத்துவரிடம் போக முதல் பஸ் பிடித்தேன். பஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும். அண்டி ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இறங்கினேன்.

எதிர்ப்பக்கம் ஒரு கடையோரம் நின்றேன். பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். என் குரல் சாலை வரை கேட்டது. ஒவ்வொரு பெயராக வரவேற்றுக்கொண்டிருந்தது. இந்த ஆபீசில் யாரும் பதில் சொல்வதில்லை.

“வாங்க ஓமனா, நல்லா இருக்கீங்களா?”

அந்தப் பெயரை நான் ஒருபோதும் பதிவு செய்து கொடுத்ததில்லை. ஆனால் சரியாக என்னைப்போலவே, ‘னா’வைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னது.

அவள் தலைத்துணி கட்டாமல், முகம் நன்றாகத் தெரிய நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கேள்வி முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்தாள், பிறகு உள்ளே போனாள்.

‘மைனி இருக்குத வரைக்கும் எனக்கு எங்கயும் போவ முடியாது’ என்று ஜூனில் அவள் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருப்பதால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண் மருத்துவரிடமும் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிந்து, முற்றத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, “டீச்சர், டீச்சர்” என்று வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.